இருபது ஜிபி யாருக்கு

2025 நவம்பர் 3, திங்கள். மாலை 6.40. பிரௌசரில் திறந்து கிடக்கும் பக்கங்கள்: 27.

இருபத்தேழும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாகப் பீற்றிக்கொள்கின்றன: எட்டு நாள் ஜெர்மனி போகிறவருக்கு எந்த இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இறங்கும் சிம், நல்லது? ஒவ்வொன்றிலும் 'சிறந்த பத்து' என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றிலும் முதலிடம் வேறு கம்பெனிக்கு. பக்கத்தின் அடியில், கொசு எழுத்தில், 'இந்த இணைப்பு வழியாக நீங்கள் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கலாம்'. கிடைக்கலாமா? கிடைப்பதால்தானே எழுதினாய்?

அன்லிமிடெட் என்கிறான். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தைத் தேடிப் போனால், நாளுக்கு ஒரு ஜிபி தாண்டியதும் வேகம் படுத்துவிடுமாம். அப்புறம் என்ன மயிருக்கு அன்லிமிடெட்? இன்னொருவன் 'ஐரோப்பா முழுவதும்' என்கிறான், அவனுடைய ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து இல்லை. யூடியூபில் ஒருத்தன் பத்து நிமிடம் பேசுகிறான், ஒன்பது நிமிடம் அவன் கூப்பன் கோடு.

போகிறவள் என் அக்கா யுவராணி. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் தரச்சோதனை லேபுக்கு அவள்தான் பொறுப்பு. கம்பெனி புதிதாக ஒரு ஸ்டெரிலைசர் மெஷின் வாங்குகிறது. அதை ஓட்டவும் சோதிக்கவும் ஜெர்மனியில் பயிற்சி. மேனேஜர் ஜெபக்குமார் சாரும் ஒரு இன்ஜினியரும் போகிறார்கள், லேபிலிருந்து இவள். அக்கா இதுவரை பார்த்த அதிகபட்ச வெளியூர் திருச்செந்தூர்.

அவள் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன் அத்தான், மம்சாபுரத்தில் உரக்கடை. மூன்று வாரம் யோசித்துவிட்டு நேற்றுதான் சம்மதம் சொன்னார். அதுவும் என்னிடம்.

"போற எடத்துல எல்லாம் நெட்டு இருக்கணும் மாப்ளே. ஒரு நிமிசங்கூடக் கட் ஆகப்பிடாது. அத நீ பொறுப்பெடுத்துக்கிட்டா நான் அனுப்புதேன்."

ஆக, நான் சரியான சிம் பார்த்தால் அக்கா போவாள். பார்க்காவிட்டால் போகமாட்டாள். நாலு வருசம் லேபில் நின்று சம்பாதித்த பயணம், என் 27 பக்கங்களில் தொங்குகிறது.


நவம்பர் 4, செவ்வாய்

மில் விட்டு வரும்போது ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சங்கிலிப்பாண்டி கடையில் இறங்கினேன். செல்போன் கடை வைத்திருக்கிறவனுக்காவது ஏதாவது தெரியும் என்று ஒரு நப்பாசை.

"இ-சிம்மா? அது காத்துல வர்ற சிம்முண்ணே. கையில பிடிக்க முடியாது. தொலைஞ்சா எங்க போய்த் தேடுவீக?" என்றான். மேசை டிராயரிலிருந்து ஒரு அட்டை சிம்மை எடுத்தான். "இது இன்டர்நேசனல். நூத்தித் தொண்ணூறு நாடு. செவ்வாய்க்கிரகத்தத் தவிர எல்லா எடத்துலயும் எடுக்கும்."

"ஜெர்மனியில எந்த நெட்வொர்க்குல ஏறும்?"

"ஜெர்மனி நெட்வொர்க்குலதான்."

வந்துவிட்டேன்.


நவம்பர் 6, வியாழன்

அக்காவின் பழைய போனில் இ-சிம் வசதியே இல்லை. *#06# அடித்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நேற்று இதை அத்தானிடம் சொன்னது நான்தான். அன்று சாயங்காலமே ராஜபாளையம் போய்ப் புதுப் போன் வாங்கி வந்துவிட்டார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் மூன்று வீட்டுக்காவது சொல்லியிருப்பாள். "பொண்டாட்டி மேல எம்புட்டு அக்கறை பாத்தியா? நீயும் கட்டுன பொறவு இப்படி இருக்கணும்."

போனை அமைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அக்காவின் விரல்ரேகையைப் பதிந்தேன். முடிந்தது என்று கொடுக்கப் போனபோது அத்தான் தன் கட்டைவிரலை நீட்டினார்.

"இதையும் பதிஞ்சிரு மாப்ளே."

"எதுக்கு அத்தான்? போன் அவகிட்டல்லா இருக்கும்."

"வந்த பொறவு? ஒரு அவசரம்னா?"

அக்கா அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றும் சத்தம் நின்றது, பிறகு மறுபடி தொடங்கியது. நான் பதிந்தேன். எதற்குப் பதிந்தேன்? முடியாது என்று சொல்ல எனக்கு என்ன கேடு?


நவம்பர் 8, சனி

இன்று முறையாக உட்கார்ந்தேன். மோட்டார் வாங்குவதற்கு முன்னால் லோடு கணக்குப் போட வேண்டும். மில்லில் முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம் அது. டேட்டாவுக்கும் அப்படித்தான். முதலில் யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிய வேண்டும்.

அக்காவைக் கேட்டேன்: "ஒரு நாளைக்கு எம்புட்டு வேணும்?"

"எனக்கா? ஓட்டல்லருந்து கம்பெனிக்குப் போக மேப்பு. ரெண்டு மெயில் பாக்கணும். ஜெர்மன் எழுத்தக் கேமராவுல காட்டுனா தமிழ்ல சொல்லுமாமே, அது. அம்புட்டுதான்லே."

அதிகம் போட்டாலும் 200 எம்பி.

அடுத்து அத்தானைக் கேட்டேன். கடையில் இருந்தார். கல்லாவுக்கு மேலே ஒரு திரை, அதில் ஒன்பது கட்டம். கடை வாசல், குடோன், யூரியா அடுக்கு எல்லாம் தெரிகிறது. ஒன்பதாவது கட்டத்தில் அவர் வீட்டு வாசற்படி. கோலம் கூடத் தெரிகிறது. "பாதுகாப்புக்குத்தான்" என்றார், நான் கேட்காமலே.

அவருடைய தேவைகள்: காலையில் எழுந்ததும் அரை மணி வீடியோ. மத்தியானம் சாப்பிடும்போது அரை மணி, தட்டையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களையும் காட்ட வேண்டும். சாயங்காலம் ரூமுக்குப் போனது முதல் தூங்கும்வரை, இரண்டு மணி நேரம். இதுபோக லைவ் லொகேசன் நாள் முழுக்க.

"அந்த நீலப்புள்ளி நகந்துக்கிட்டே இருக்கணும் மாப்ளே. நின்னா எனக்கு நெஞ்சு அடைக்கும்."

"மனுசி ஒரு எடத்துல உக்காந்தாலும் புள்ளி நிக்கத்தானே செய்யும்?"

சிரித்தார். சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஜெபக்குமார் சாரு... அவருக்கும் அதே ஓட்டலா?"

நான் வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும், பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

கணக்கு: எட்டு நாளுக்கு அக்காவின் லோடு ஒன்றரை ஜிபி சொச்சம். அத்தானின் லோடு பன்னிரண்டு. மொத்தம் பதினாலு என்று வைத்து, கொஞ்சம் உபரி விட்டால், இருபது ஜிபி திட்டம்.

சீ. இவ்வளவு நாளும் நான் தேடியது அக்காவுக்கு சிம் அல்ல. உரக்கடைத் திரையில் பத்தாவது கட்டத்துக்கு வயர் இழுக்கிறேன்.


நவம்பர் 9, ஞாயிறு

இன்று ஒன்றும் தேடவில்லை. திறக்கவே பிடிக்கவில்லை.


நவம்பர் 12, புதன்

அத்தான் இன்று மூன்று தடவை அழைத்தார். புதுக் கவலை. விமானம் திருவனந்தபுரத்திலிருந்து தோகா, அங்கே நாலு மணி நேரம் காத்திருந்து பிராங்க்பர்ட். நான் பார்த்து வைத்திருந்தது ஐரோப்பாத் திட்டம். தோகாவில் எடுக்காது.

"அந்த நாலு மணி நேரம்?"

"ஏர்போர்ட்டுல வைஃபை இருக்கு அத்தான். இலவசம்."

"வைஃபை எல்லாரும் போடுறது. நம்மதுன்னு ஒண்ணு இருக்கணும்லா?"

உலகம் முழுக்க எடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு மடங்கு விலைக்கு அரைப்பங்கு டேட்டா. கணக்கைக் காட்டியதும் கடைக்காரர் மூளை வேலை செய்தது. தோகாவை விட்டுக்கொடுத்தார். நாலு மணி நேரத்தை ஏதோ தானம் செய்கிற மாதிரி, "சரி, போகட்டும், அது மட்டும்" என்றார்.

அக்காவிடம் போனில் சொன்னேன்: தோகாவில் சிம் எடுக்காது.

"நாலு மணி நேரமாலே?" என்றாள். குறைப்பட்டுக்கொண்ட குரலாக எனக்குக் கேட்கவில்லை.


நவம்பர் 14, வெள்ளி

சாயங்காலம் அம்மாவோடு மம்சாபுரம் போய் ஐரோப்பா 20 ஜிபி வாங்கியாயிற்று. தேர்வு என்னுடையது, மெயில் ஐடி அத்தானுடையது. அவர் பெயரில்தான் வேண்டும் என்றார். சிம் கம்பெனியிலிருந்து க்யூஆர் கோடு அவர் மெயிலுக்கு வந்தது. அதை அக்கா போனில் ஸ்கேன் செய்தால் சிம் போனுக்குள் இறங்கிவிடும். இங்கேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம், அங்கே போய் இறங்கியதும் வேலை செய்யும்.

"அனுப்புங்க அத்தான், இப்பவே போட்டுருதேன்" என்றேன்.

"இன்னைக்கு வேண்டாம். நாளைக்குக் காலையில ஏழரைலருந்து எட்டரை நல்ல நேரம். புது சிம்முல்லா? அப்பப் போடுவோம். ஒம்பதுக்கு ராகுகாலம், அதுக்குள்ள வண்டி ஏறிரணும்."

சிம்முக்கு நல்ல நேரம்! அயர்லாந்திலோ எங்கேயோ ஒரு சர்வர், மம்சாபுரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா? கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.


நவம்பர் 15, சனி. காலை 11 மணி. ஸ்ரீவில்லிபுத்தூர், எங்கள் வீடு.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கோபம் இன்னும் தணியவில்லை.

காலை ஏழேகாலுக்கே அம்மாவும் நானும் மம்சாபுரம் போய்விட்டோம். ஏழரைக்கு விளக்கேற்றி, போனுக்குச் சந்தனம் வைத்தார்கள். கேமரா லென்ஸ் மேலேயே வைத்தார்கள். துடைத்துவிட்டு ஸ்கேன் செய்தேன்.

'இந்தக் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது.'

மறுபடி. அதே பதில். போனை அணைத்துப் போட்டேன். அதே.

"அத்தான், இந்தக் கோட வேற யாருக்காவது அனுப்புனீங்களா?"

"யாருக்கும் அனுப்பல மாப்ளே. நம்ம குரூப்புல மட்டும் போட்டேன்."

நம்ம குரூப். அவர் பக்கத்துச் சொந்தம், அறுபத்து நாலு பேர். நேற்று ராத்திரி அக்காவின் டிக்கெட், பாஸ்போர்ட் போட்டோ, அதன் கீழே இந்த க்யூஆர். அதற்கும் கீழே: 'நாளை யுவராணி ஜெர்மனி பயணம். அனைவரும் வாழ்த்தி வழியனுப்பவும்.'

எங்கள் பக்கத்தில் யாராவது தூரதேசம் போனால் வழிச்செலவுக்கு என்று கையில் கொடுப்பார்கள். இப்போது கல்யாணப் பத்திரிகையிலேயே மொய்க்கு க்யூஆர் அச்சடித்து வருகிறது. டிக்கெட்டுக்குக் கீழே ஒரு கட்டம் கட்டமான படம் இருந்தால் அந்த அறுபத்து நாலு பேருக்கும் அது ஒன்றாகத்தான் தெரியும். குரூப்பில் வந்து கிடந்தவை:

'வாழ்த்துகள் யுவராணி. சௌந்தரு, ஸ்கேனர் எடுக்க மாட்டேங்குதே.'

'எனக்கும் போகல. வேற ஸ்கேனர் போடுப்பா.'

'போன்பேல அடிச்சுப் பாருங்க மாமா.'

'அதுலயும் இல்ல. பேங்க் சர்வர் டவுனு.'

கடைசியில் ஒரு குரல் பதிவு. ஆலங்குளத்தில் இருக்கும் அத்தானின் சித்தி, பரிபூரணம்மாள்: "எனக்குப் போயிருச்சுய்யா! ஏதோ கேட்டுச்சு, சரி சரின்னு அமுக்குனேன். டிக்கு விழுந்துருச்சு. நூத்தியொண்ணு. புள்ள பத்திரமாப் போய்ட்டு வரட்டும்."

சித்தியின் மகன் சென்னையில் வேலை. தன் பழைய விலை உயர்ந்த போனை அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறான். அதில் இ-சிம் வசதி உண்டு. மருமகள் போனில் படத்தைத் திறந்து வைத்து, தன் போன் கேமராவைக் காட்டியிருக்கிறார். ஒரு கோடு ஒரு போனுக்குத்தான். ஐரோப்பா இருபது ஜிபி இப்போது ஆலங்குளம் சிமென்ட் பாக்டரிக்குப் பின்னால், ஒரு முந்தானை முடிச்சில் இருக்கிறது.

மணி எட்டு முப்பத்தைந்து. கம்பெனி கார் வாசலில். ஜெபக்குமார் சார் இறங்கி வந்து, "கிளம்பலாமாம்மா?" என்றார்.

அத்தான் அக்காவின் பாஸ்போர்ட் பையைக் கையில் வைத்திருந்தார். கொடுக்கவில்லை.

"நெட்டு இல்லாம எப்படி அனுப்ப?" என்றார். சத்தமாக அல்ல. அதுதான் அருவருப்பு, அந்த மென்மை. "நான் அன்னைக்கே சொன்னேன்லா மாப்ளே? அது இருந்தாத்தான்னு."

அக்கா தோளில் பையோடு, காலில் ஷூவோடு நின்றாள். அவளை நான் ஷூவில் பார்த்ததே இல்லை. அத்தானிடம் கெஞ்சவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அந்தப் பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருசம்!

"தோகா வைஃபைல புதுசு போட்டுக்கிடலாம்" என்றேன். "அவ அங்க போய்ச் சேரதுக்குள்ள நான் வாங்கி அனுப்பிருதேன். என் பொறுப்பு."

"உன் பொறுப்பா?"

"என் பொறுப்பு அத்தான்."

அப்போதும் பை கை மாறவில்லை. உள்ளே இருந்து அத்தானின் அம்மாதான் கத்தினார்: "ஏலே சௌந்தரு, மணி எட்டம்பது! ராகுகாலத்துல வாசல் தாண்டப் போறாளா? என்னலே பேச்சு?"

கொடுத்துவிட்டார்.

பெண்டாட்டி கண்ணில் தெரிந்ததற்குக் கொடுக்கவில்லை, நான் சொன்னதற்குக் கொடுக்கவில்லை, ராகுகாலத்துக்குக் கொடுத்தார். சிம் கெட்டதும் நல்ல நேரத்தால், அக்கா கிளம்பியதும் கெட்ட நேரத்தால். இந்த வீட்டில் மனிதர்கள் மட்டும்தான் எதற்கும் உதவவில்லை.

இன்று உர லோடு வரும் நாள், அதனால் அத்தான் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை, வாசலோடு சரி. கார் தெரு முனை திரும்பும் முன்னரே எனக்கு மெசேஜ்: 'மாப்ளே வாங்கிட்டியா'.


நவம்பர் 16, ஞாயிறு. காலை

நேற்று மத்தியானம் ஐரோப்பாத் திட்டம் விற்ற கம்பெனியின் உதவிப் பக்கத்தில் எழுதிக் கேட்டேன். நாலே நிமிடத்தில் பதில். சித்தி போனிலிருந்து அந்தச் சிம்மை நீக்கிவிட்டால், அதே இருபது ஜிபியை வேறு போனுக்கு இலவசமாக மாற்றித் தருவார்களாம். ஆலங்குளத்துக்கு ஒரு பைக் பயணம், பத்து நிமிட வேலை. சட்டை மாட்டிக்கொண்டு சாவியையும் எடுத்துவிட்டேன்.

அப்போது அக்காவின் மெசேஜ், திருவனந்தபுரத்திலிருந்து: 'உள்ள வந்துட்டோம். இனி தோகாலதான்.' சரி, அவள் போய்ச் சேரட்டும், அதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். செங்கோட்டைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, இங்கே மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் போகலாம் என்று இருந்தேன். விட்டது. போகவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

ராத்திரி தோகாவிலிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் ஏதேதோ பாஷையில் அறிவிப்பு.

"ஏலே ராம்கி, வந்துட்டேன். அவியளுக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டேன், வைஃபை விட்டு விட்டு வருதுன்னு. நீ சிம்மு வாங்கிட்டியா?"

நான் எழுதினேன்: 'பத்து நிமிசத்துல அனுப்புதேன்.'

'பதிவு செய்கிறார்' என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

"அவசரம் இல்லலே." பிறகு ஒரு இடைவெளி, கரண்டி கோப்பையில் படும் சத்தம். "ஒரு காப்பி வாங்குனேன். பெரிய கோப்பை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிளேனா நிக்கி. முழுசும் குடிச்சிட்டேன். யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பல."

அவ்வளவுதான் பதிவு. அதில் அழுகை எல்லாம் இல்லை. காப்பி குடித்ததைச் சொன்னாள், அதை எனக்கு மட்டும் சொன்னாள். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு காப்பியைத் தனியாகக் குடிக்கவில்லையா அவள்? நாங்கள் பக்கத்து ஊரில்தானே இருந்தோம்? அம்மா 'அக்கறை' என்று சொல்லிச் சொல்லி... த்தூ.

பிறகு லோடு கணக்கைத் திரும்ப எடுத்தேன். அத்தானின் வரியை அடித்தேன். மிச்சம் அக்காவின் வரி: ஒன்றரை ஜிபி சொச்சம். அதற்கு எது பொருந்தும் என்று பார்க்க ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. ஜெர்மனி மட்டும், பத்து நாள், மூன்று ஜிபி. இருபத்தேழு பக்கமும் முதலிடம் தராத ஏதோ ஒரு கம்பெனி. என் மெயில் ஐடியில் வாங்கினேன். க்யூஆர் படமாக இல்லாமல், தட்டிப் போடும் எழுத்துக் கோடாக அவளுக்கு மட்டும் அனுப்பினேன். தோகா வைஃபையிலேயே போட்டுக்கொண்டாள்.

இன்று காலை பிராங்க்பர்ட்டிலிருந்து: 'எறங்கிட்டேன். நெட்டு கெடைக்கி. மேப்பு ஓடுது. குளிருதுலே.'

மூன்று ஜிபி. மேப்புக்குப் போதும், மெயிலுக்குப் போதும், ஜெர்மன் எழுத்தைப் படிக்கப் போதும், வழி தவறினால் யாரையாவது கூப்பிடப் போதும். தினமும் மூன்று மணி நேரம் தட்டைக் காட்டப் போதாது.

அத்தானிடமிருந்து பதினோரு தவறிய அழைப்புகள். இனிச் செய்ய வேண்டியவை:

1. அத்தானைக் கூப்பிட்டு, கிடைத்தது மூன்று ஜிபிதான், வீடியோவும் லைவ் லொகேசனும் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும், பிறகு அவசரத்துக்குக் கூட இருக்காது என்று சொல்வது. லைவ் லொகேசனைச் சேர்த்ததுதான் பொய். அது ஒன்றும் தின்னாது. அவருக்குத் தெரியாது.

2. ராத்திரிக்கு ஓட்டல் வைஃபையில் ஒரு தடவை பேசுவாள் என்று சொல்வது. எத்தனை மணிக்கு என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

3. ஏன் பெரிதாக வாங்கவில்லை என்று கேட்பார். உள்ளதைச் சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொன்னால் என் ஆத்திரம் தீரும், அக்கா வந்து இறங்கியதும் அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எட்டு நாள் வாயை மூடுவது. இருப்பதிலேயே கஷ்டமான வேலை இதுதான்.

4. ஆலங்குளம் போய்ச் சித்தி போனிலிருந்து ஐரோப்பாவை எடுக்க வேண்டும். அவசரம் இல்லை. அடுத்த ஞாயிறு, அக்கா வந்த பிறகு.

5. இரண்டாவது விரல்ரேகையை எப்படி நீக்குவது என்று அக்காவுக்குப் படம் பிடித்து அனுப்புவது. நீக்கினாளா என்று கேட்கக் கூடாது.

6. அவள் திரும்பி வந்ததும் ஜெர்மனியில் எங்கெல்லாம் போனாள், என்ன சாப்பிட்டாள், ஏன் போட்டோ இல்லை என்று எல்லோரும் கேட்பார்கள். நான் கேட்கக் கூடாது. அவளாகச் சொன்னால் உட்கார்ந்து கேட்பது.